அவதூறும் அந்தரங்கமும்: ஒரு தமிழ் இதழ் வாங்கித் தந்த தீர்ப்பு

சென்ற ஆண்டு மலர் வேலையின்போது, வைட்ஃபீல்டில் குடியேறிய ஒரு பெரியவரைப் பற்றிய கட்டுரை எங்கள் கைக்கு வந்தது. அதில் அவருடைய பழைய கடன் வழக்கும் இருந்தது, மனைவியின் மனநோயும் இருந்தது. "நடந்ததுதானே, போட்டா என்னங்க?" என்றார் எழுதியவர். குடும்பத்தாருக்கோ வருத்தம். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை, தேடிப் படித்தேன்.

இக்கேள்விக்கு இந்தியா முழுமைக்கும் விடை வாங்கித் தந்தது ஒரு தமிழ் இதழ் என்பது பலர் அறியாத செய்தி. தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடப்போவதாக 1994-இல் 'நக்கீரன்' அறிவித்தது. உயர் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறைத் தலைவர், வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று கடிதம் எழுதினார். ஆசிரியர் இராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1994 அக்டோபர் 7-இல் வந்த தீர்ப்பு மூன்று வரம்புகளை வகுத்தது. ஒன்று, ஒருவரது குடும்பம், திருமணம், பிள்ளைகள் முதலிய சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி, உண்மையே ஆனாலும், வெளியிடலாகாது. இரண்டு, நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் விலக்கு. மூன்று, அவதூறு வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்க முடியாது. வெளிவந்த பிறகே வழக்கு.

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தனர். அவதூறு இன்றும் குற்றம்தான். பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு.

எங்கள் சமண நூலான இரத்தின கரண்டக சிராவகாசாரம், வாய்மை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. பழிகூறுவது ஒன்று, பிறர் இரகசியத்தை வெளியிடுவது வேறொன்று. பொய் சொல்லாதிருந்தால் மட்டும் போதாது என்பதுதானே இதன் பொருள்!

கடைசியில், மனநோய்ப் பகுதியை எடுத்துவிட்டோம். கடன் வழக்கு நீதிமன்றப் பதிவில் உள்ளது, அதை வைத்தோம். எழுதியவர் விட்டுவிட்ட ஒரு வரியையும் சேர்த்தோம்: அந்த வழக்கில் தீர்ப்பு பெரியவர் பக்கமே.