வலையமைப்பின் பிணியறிதல்: 1986ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

கணனி வலையமைப்பொன்று தளர்வுறும்போது, அதற்குக் காரணம் நெரிசலா, பழுதா, அன்றி அந்நியர் ஊடுருவலா என்பதை வெளித்தோற்றங்கொண்டு துணிதல் அரிது. இன்று வேகக்குறைவை ஆராய்வோரும் பாதுகாப்பை ஆராய்வோரும் இருவேறு துறையினராகக் கொள்ளப்படுகின்றனர். ஆயின், இவ்விரு துறைகளின் வரலாற்றிலும் முக்கியமான இரு நிகழ்வுகள் ஒரே ஆண்டில், கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்திலேயே தொடங்கின.

1986 ஆகஸ்டில் அவ்வாய்வுகூடத்தின் கணனிப் பிரிவுக்கு வந்திருந்த வானியலாளர் கிளிபோர்ட் ஸ்ரோலிடம் ஓர் அற்பப் பணி ஒப்படைக்கப்பட்டது. கணனி நேரத்துக்கு அறவிடப்படும் கட்டணக் கணக்கில் 75 சதம் துண்டுவிழுந்திருந்தது. வேறொருவராயின் அதைத் தம் பையிலிருந்தே இட்டு நிரப்பியிருப்பார். ஸ்ரோலோ கணக்கைத் துருவினார். கட்டணம் செலுத்த எவருமற்ற ஒரு பயனாளர் பெயர் வெளிப்பட்டது. பொறியின் முழு அதிகாரத்தையும் அந்நியரொருவர் கைப்பற்றியிருந்தமையும் தெரியவந்தது.

இதன்பின் அவர் கையாண்ட முறையே மனங்கொள்ளத்தக்கது. வேவு பார்க்கும் நிரலைக் கணனிக்குள் வைத்தால் ஊடுருவியவர் அதைக் கண்டுவிடுவார். எனவே, பிற அலுவலகங்களின் மேசைகளிலிருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் ஒரு வார இறுதியில் இரவல் பெற்று, ஏறத்தாழ 50 தொடர்புக் கம்பிகளில் வெளிப்புறமாகவே இணைத்தார். வந்தவர் அழுத்திய ஒவ்வோர் எழுத்தும் தாளிற் பதிவாயிற்று. தடம் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றது. அங்குள்ள தொலைபேசி நிலையங்களிற் பழைய பொறிமுறை இணைப்புகளே இருந்தமையால் அழைப்பைக் கையாலேயே தேடவேண்டியிருந்தது. அதற்குப் போதிய நேரம் அவரைத் தொடர்பில் நிறுத்திவைக்கவேண்டி, இராணுவ ஆவணங்கள் போன்ற பொய்க் கோப்புகள் இடப்பட்டன. அவர் ஏறத்தாழ 450 கணனிகளில் நுழைய முயன்று, முப்பதுக்கு மேற்பட்டவற்றில் நுழைந்திருந்தார். தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன. 1990இல் மூவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர்.

ஸ்ரோல் அச்சுத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த அதே 1986இன் அக்டோபரில், அவ்வாய்வுகூடத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்குமிடையே தரவோட்டம் திடீரெனச் சரிந்தது. இடைத்தூரம் 400 யார் மாத்திரமே. செக்கனுக்கு 32,000 பிட்டுகளாக இருந்த ஓட்டம் 40 பிட்டுகளாயிற்று. அதாவது எண்ணூறில் ஒரு பங்கு. கடிதத்தைக் கையிற் கொண்டு நடந்து சென்றிருப்பின் விரைவிற் சேர்ந்திருக்கும்!

இத்தகைய சரிவு நேரக்கூடுமென ஜோன் நேகிள் 1984இலேயே எச்சரித்திருந்தார். எனினும் அது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதைக் காணவேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்து மைக்கேல் கரல்ஸும் பொதிகள் செல்லும் நேரங்களைப் பதிந்து வரைபடமாக்கினர். குற்றம் கம்பியிலன்று, முனைகளிலிருந்த கணனிகளிலேயே இருந்தது. பதில் தாமதித்தவுடன் பொதி தொலைந்ததெனக் கருதி அவை மீண்டும் அனுப்பின. வழியிற் காத்திருந்த பொதியின் பின்னே அதன் பிரதியும் சேர்ந்தது. நெரிசல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. மெதுவாகத் தொடங்கி, பதில் வரவரக் கூட்டி, இழப்பு நேரின் உடனே குறைக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். புதிய கம்பி எதுவும் இடப்படவில்லை. நிரல் மாத்திரமே திருத்தப்பட்டது.

இரு நிகழ்வுகளிலும் ஊகத்துக்கு இடமளியாது, கம்பியிற் செல்வதையே நேரிற் கண்டமை தீர்வைத் தந்தது. ஸ்ரோலின் கட்டுரை 1988 மே மாதத்திலும் ஜேக்கப்சனின் கட்டுரை அதே ஆண்டு ஆகஸ்டிலும் வெளிவந்தன. செல்லும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் ‘ரிசிபிடம்ப்’ என்னும் நிரலும் அக்காலத்தில் அதே ஆய்வுகூடத்திலேயே உருவாகியது. இன்று நெரிசலைத் தேடுவோரும் ஊடுருவலைத் தேடுவோரும் அதனையே பயன்படுத்துகின்றனர்.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் திகதி மாலை, அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணனிகள் பல காரணமின்றித் தளர்ந்தன. புலப்பட்ட முதல் அறிகுறி வேகக்குறைவே. தன்னைத்தானே பெருக்கிப் பரவும் ‘மொறிஸ் புழு’ என்ற நிரல் ஒரே கணனியிற் பலமுறை புகுந்து அதன் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டிருந்தமை பின்னரே அறியப்பட்டது.