புதுமுக மாணவரும் பங்குச் சமூகமும்: வடசென்னைக் கத்தோலிக்கப் பள்ளிகள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதிகளில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவர் அப்பள்ளிச் சமூகத்தோடு இணையும் முறை காலந்தோறும் மாறிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கத்தில் பங்கின் உறுப்பினராக இருந்த பிள்ளையே பள்ளியின் மாணவராகவும் இருந்ததால், இணைவு தனிப் பணியாகக் கருதப்படவில்லை. துறைமுகம், அரசமைப்புச் சட்டம், தாயகம் திரும்புதல், தொழில்வளர்ச்சி, பேரிடர் ஆகியன மாணவர் சேர்க்கையின் இயல்பை மாற்றின. சேர்க்கையைச் சட்டம் வரையறுத்தபோதும், சேர்ந்தபின் நிகழவேண்டிய இணைவு பள்ளி மரபின் பொறுப்பிலேயே விடப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வடசென்னை, கத்தோலிக்கக் கல்வி, பங்கு, புதுமுக மாணவர், சட்டாம்பிள்ளை, சிறுபான்மையினர் உரிமை.

முன்னுரை

தமிழகத்தில் கத்தோலிக்கக் கல்விப்பணி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நிறுவனர், நிறுவப்பட்ட ஆண்டு, கட்டடம், தேர்ச்சி ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே வந்த பிள்ளை, அங்கு ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருந்த கூட்டத்தில் எவ்வாறு ஒருவரானார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கடலையும் ஆலையையும் சார்ந்து மக்கள் தொடர்ந்து வந்து குடியேறிய வடசென்னைக்கு இவ்வினா மிகவும் பொருந்துவதாகும். இக்கட்டுரை இவ்வினாவைக் காலவரிசையில் அணுகுகிறது.

1. பங்கே பள்ளியாக இருந்த காலம்

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர், பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய இராயப்பர் என்னும் பெயரிலிருந்து பிறந்தது என்பது பரவலான விளக்கமாகும். யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் அழைத்த அதே மரபைச் சேர்ந்தது இப்பெயர். இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829ஆம் ஆண்டில் படகோட்டிச் சமூகத்தாரின் முயற்சியால் எழுந்தது. துறைமுகம் இல்லாத அக்காலச் சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை மசூலா படகுகளே. கடல்வழி வணிகம் முழுவதும் இப்படகோட்டிகளின் உழைப்பைச் சார்ந்திருந்தது. ஆலயம் அவர்களது வழிபாட்டிடமாக மட்டுமன்றி, சமூகத்தின் பொதுமன்றமாகவும் விளங்கியது.

இத்தகைய பங்கில் வளர்ந்த பிள்ளை பள்ளியில் சேரும் முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தது, ஞானப்பெற்றோரைக் கொண்டிருந்தது, திருவிழாவிலும் தேர்ப்பவனியிலும் தனக்குரிய இடத்தை அறிந்திருந்தது. ஆசிரியரும் உபதேசியாரும் அப்பிள்ளையின் குடும்பத்தை அறிந்தவர்களாக இருந்தனர். எனவே அப்பிள்ளை பள்ளிக்குப் புதிது, பங்குக்குப் புதிதன்று. புதுமுக மாணவரை வரவேற்கும் தனி ஏற்பாட்டுக்குத் தேவை எழாமைக்கு இதுவே காரணம். பங்குக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளையை எதிர்கொள்ளும் பழக்கம் பள்ளிக்கு வாய்க்காமல் போனதும் இதனாலேயே.

இதற்கு அருகிலேயே வேறொரு மாதிரியும் உருவானது. அன்றைய கருப்பர் நகரத்தில், ஆர்மேனியன் தெருவில் 1839இல் புனித மரியன்னைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபையின் அருட்சகோதரியர் சென்னைக்கு வந்து பெண்கல்விப் பணியைத் தொடங்கினர். படைவீரரின் பிள்ளைகள், பெற்றோரை இழந்தோர் ஆகியோரை உள்ளடக்கிய இக்கல்விப்பணியில் விடுதியும் ஆதரவற்றோர் இல்லமும் முதன்மை பெற்றன. விடுதி, புதிய பிள்ளையைப் பழைய சூழலிலிருந்து பிரித்து, உணவு, உறக்கம், செபம், பாடம் என்னும் நாளொழுங்கின் வழியாகப் புதிய சமூகத்தில் சேர்த்தது. பங்கு மாதிரியில் பிள்ளை ஏற்கெனவே சேர்ந்திருந்தது. விடுதி மாதிரியில் பிரிவின் வழியாகவே சேர்ந்தது. நாள்தோறும் வீட்டிலிருந்து வந்துபோகும் பிற சமயப் பிள்ளைக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

2. மூத்த மாணவர் என்னும் இடைநிலை

புதியவருக்கும் ஆசிரியருக்கும் இடையே நின்ற மூன்றாவது நிறுவனம் மூத்த மாணவர். தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் இவர் சட்டாம்பிள்ளை எனப்பட்டார். இளையோருக்கு எழுத்தைக் கற்பித்தலும், வருகையைக் கண்காணித்தலும், ஒழுங்கைக் காத்தலும் இவருடைய கடமைகள்.

இம்முறை உலகக் கல்வி வரலாற்றில் நுழைந்ததும் சென்னை வழியாகவே. 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை வகித்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிக் கற்ற உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவ்வேற்பாட்டை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. பெல்லின் நிறுவனம் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்தது. எனினும் மூத்தோர் இளையோரை நடத்தும் முறை சமய எல்லைகளைக் கடந்து பள்ளிகளில் நிலைபெற்றது.

சட்டாம்பிள்ளை மரபுக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று துணை, மற்றொன்று காவல். புதிய பிள்ளைக்கு எழுத்தைக் கைபிடித்துக் கற்பித்தவரே, அப்பிள்ளை தவறியபோது ஆசிரியரிடம் முறையிட்டவரும் ஆவார். பிற்கால வகுப்புத் தலைவர் என்னும் பதவி இதன் காவல் முகத்தையே பெரிதும் பேணியது.

துணை முகத்தை மீட்ட முயற்சிகளுள் இரண்டு கத்தோலிக்கச் சூழலில் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 1906இல் தஞ்சாவூருக்கு வந்து பின்னர் சென்னையிலும் பணியாற்றிய சலேசியரின் கல்விமுறை. தொன் போஸ்கோ 1877இல் எழுத்தில் வகுத்த முன்தடுப்பு முறை, பகுத்தறிவு, சமயம், கனிவு ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. தவறு நேர்ந்தபின் தண்டிப்பதை விட, மாணவரோடு விளையாட்டுத்திடலிலும் உடனிருப்பதை ஆசிரியரின் கடமையாக அது கருதியது. இரண்டாவது, இளம் கிறித்தவ மாணவர் இயக்கம். 'காண், சீர்தூக்கு, செயல்படு' என்னும் அதன் நெறி, பள்ளியின் சிக்கல்களை மாணவரே அடையாளம் காண வழிவகுத்தது. இந்தியாவில் இவ்வியக்கம் பிற சமய மாணவருக்காக 'இளம் மாணவர் இயக்கம்' என்னும் பெயரையும் இணைத்துக்கொண்டது. பெயரில் நிகழ்ந்த இம்மாற்றம், மாணவர் கூட்டத்தின் அமைப்பே மாறிவிட்டதற்குச் சான்றாகும்.

3. சேர்க்கையை மாற்றிய புறக்காரணிகள்

1856இல் இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. தொடர்வண்டிப் பணியாளரின் குடும்பங்கள், அவர்களுள் ஆங்கிலோ-இந்தியர், இப்பகுதியில் குடியமர்ந்தனர். 1875இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தபோதும் பணி மீண்டும் தொடர்ந்தது. கப்பல்கள் துறைமேடையிலேயே சரக்கை இறக்கத் தொடங்கியதும் மசூலா படகின் தேவை குறைந்தது. ஒரே தொழிலும் ஒரே ஆலயமும் இணைத்த பங்குச் சமூகத்தின் பொருளாதார அடித்தளம் இதனால் தளர்ந்தது.

அடுத்த பெருமாற்றம் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தால் நேர்ந்தது. உறுப்பு 337, ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளுக்கு 1948 மார்ச் 31இல் முடிந்த நிதியாண்டின் அளவிலேயே முதல் மூன்று ஆண்டுகளுக்கு மானியம் வழங்க வகைசெய்தது. அதன்பின் ஒவ்வொரு மூன்றாண்டுக்கும் 10 விழுக்காடு வரை குறைக்கலாம் எனவும், பத்தாண்டு முடிவில் இச்சிறப்பு மானியம் நிற்கும் எனவும் விதித்தது. ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்கள் பிற சமூகத்தாருக்குக் கிடைக்கச் செய்யாத நிறுவனம் இம்மானியத்தைப் பெறவியலாது என்பது அதன் நிபந்தனை. எத்தனை பேர் உள்ளே வரவேண்டும் என்பதைச் சட்டம் எண்ணால் கூறியது. வந்தவர் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதை அது கூறவில்லை.

அதே சட்டத்தின் உறுப்பு 28(3) மற்றொரு வகையில் புதியவரைத் தொட்டது. அரசின் ஏற்போ மானியமோ பெற்ற நிறுவனத்தில் பயிலும் எவரையும் அவரது ஒப்புதலின்றி, சிறாராயின் பாதுகாவலரின் ஒப்புதலின்றி, சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது. இதனையொட்டிக் கத்தோலிக்க மாணவருக்கு ஞானோபதேசம், ஏனையோருக்கு நன்னெறி என இரு வகுப்புகள் ஒரே வேளையில் நடைபெறும் வழக்கம் நிலைத்தது. மனச்சான்றின் உரிமையைக் காக்கும் இவ்வேற்பாடு தேவையானதே. ஆயினும் வகுப்பு இரண்டாகப் பிரியும் அவ்வேளையே, தான் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதைப் புதிய மாணவர் பிறர் முன்னிலையில் உணரும் வேளையாகவும் அமைந்தது. உரிமையைக் காக்கும் பிரிவு, இணைவுக்கு வேறொரு தளத்தைத் தேடும் கடமையையும் பள்ளிக்கு விதித்தது. விளையாட்டு, நாடகம், ஆண்டுவிழா, சாரணர் இயக்கம் ஆகியவை அத்தளத்தை வழங்கின.

4. கடல்வழியும் ஆலைவழியும் வந்தோர்

1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். தொடர்ந்து நிகழ்ந்த நாட்டுடைமையாக்கத்தால் வாழ்வாதாரம் இழந்த தமிழர் 1964 முதல் பெருமளவில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வந்தடைந்தனர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்கான குடியிருப்புகள் உருவாயின. வீட்டில் தமிழும் வெளியில் பர்மியமும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இங்கு மொழி அந்நியமன்று; எழுத்தும் பாடநூலுமே அந்நியம். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்துவதா, எழுத்தறிவுக்கேற்ற வகுப்பில் அமர்த்துவதா என்பது இத்தகைய சேர்க்கையில் எழும் அடிப்படைச் சிக்கல். இக்காலத்தில் வியாசர்பாடியில் சலேசியத் துறவி ஒர்ஃபேயோ மந்தோவானி, பள்ளியை மட்டும் தனியே காணாமல், உணவு, மருத்துவம், வேலை ஆகியவற்றோடு இணைத்த பணியைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது பாடமன்று என்னும் புரிதல் அப்பணியின் அடிப்படையாக அமைந்தது.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டது. பள்ளியை விடுதலையும் அன்பும் நிறைந்த சமூகமாக அமைக்குமாறும், வறியோர், குடும்ப ஆதரவற்றோர், கிறித்தவ நம்பிக்கை இல்லாதோர் ஆகியோரிடம் தனி அக்கறை காட்டுமாறும் அது வேண்டியது. வடசென்னையில் நடைமுறை முன்னரே எட்டியிருந்த ஒரு நிலைக்கு இவ்வறிக்கை கோட்பாட்டு ஏற்பு வழங்கியது எனலாம்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய இடங்களில் எழுந்த தீப்பெட்டி, வாகன, உரக் கூடங்களும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்களை ஈர்த்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மீனவக் குடும்பங்கள் திருவொற்றியூரின் கார்கில் நகர்த் தற்காலிகக் குடியிருப்புக்கும், பின்னர் எர்ணாவூர்க் குடியிருப்புக்கும் மாற்றப்பட்டன. இவ்வாறு வந்த பிள்ளைகள் கல்வியாண்டின் தொடக்கத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. ஜூன் மாதத்தில் நிகழும் வரவேற்பு, நவம்பரிலோ ஜனவரியிலோ வந்து சேரும் பிள்ளைக்குப் பயன்படுவதில்லை.

5. சட்டத்தின் எல்லை

இடையில் வந்து சேரும் பிள்ளையை நேரடியாகக் கருத்தில் கொண்ட சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆகும். அதன் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது தொடக்கக் கல்வியை முடிக்காத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், பிறருக்கு நிகராக அமையச் சிறப்புப் பயிற்சி பெறவும் உரிமை அளிக்கிறது. இது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குரியது. உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை எட்டுவதில்லை.

2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, உறுப்பு 30(1)இன்கீழ் வரும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு, மானியம் பெறுவன உட்பட, இச்சட்டம் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பின் பொருத்தம் குறித்து ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. இது குறித்த விவாதம் 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையே சுற்றிச் சுழல்கிறது. ஆனால் தீர்ப்பின் விளைவாக 4ஆம் பிரிவின் கடமையும் சிறுபான்மையினர் பள்ளிகளிலிருந்து நீங்கியது என்பது போதிய கவனம் பெறவில்லை.

முடிவுரை

வடசென்னைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் புதுமுக மாணவர் இணைவு மூன்று மரபுகளைச் சார்ந்திருந்தது: பங்கு, விடுதி, மூத்த மாணவர். பங்கு, ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரை மட்டும் ஏற்றது. விடுதி, பழைய சூழலைத் துறந்தவரை ஏற்றது. பங்குறுப்பினர் தகுதியையோ வீட்டைத் துறப்பதையோ கோராமல் எவரையும் ஏற்கக்கூடியது மூத்த மாணவரின் துணை மட்டுமே. அதுவும் காவல் பணியாகச் சுருங்காதவரை மட்டுமே அவ்வாறு அமையும்.

1950இலும் 2009இலும் சட்டம் சேர்க்கையைப் பற்றிப் பேசியது. 2014இல் சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையைப் பேணியது. சிறப்புப் பயிற்சி என்னும் சட்டக் கடமை இப்பள்ளிகளுக்கு இல்லாத இன்றைய நிலையில், புதிதாக வரும் பிள்ளைக்குரிய பொறுப்பு குறைவதில்லை. அது முழுமையாகப் பள்ளியின் மரபைச் சார்கிறது. தன்னாட்சி உரிமையின் தகுதியை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக, பங்குக்கும் மொழிக்கும் கல்வியாண்டுக்கும் வெளியிலிருந்து வரும் பிள்ளை அப்பள்ளியில் எவ்வாறு ஒருவராகிறார் என்பது அமைய வேண்டும். பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் பழைய மாணவரின் வாய்மொழி வரலாறுகளையும் இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.