முழுப் பல்செட்: மெல்லுவதும் தாடை அசைவும் எப்படி மாறுகின்றன?

வீட்டுப் பெரியவர்களுக்கு முழுப் பல்செட் கட்டிய பிறகு பல குடும்பங்களில் நடப்பது இதுதான். ஒரு வாரம் போட்டுப் பார்ப்பார்கள். "கடிக்க முடியல, கீழ் செட்டு ஆடுது" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார்கள். அதன்பின் பிசைந்த சோறும் கஞ்சியும்தான். கறி, பயறு, காய்கறி எல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறையும். சத்துக் குறைந்து உடல் தளரும்.

இதில் எல்லா நேரமும் பல்செட்டின் மேல் குற்றமில்லை. வாய்க்குப் புதிய முறையில் மெல்லப் பழகக் காலம் வேண்டும். அதை நாம் கொடுப்பதில்லை.

வேர் இல்லாத பல்

சொந்தப் பல் வேரோடு தாடை எலும்புக்குள் நிற்கிறது. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்கள் கடியின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சோற்றில் சிறு கல் இருந்தாலும் உடனே உணர்த்துவதும் அவைதான். பல் போனதும் அந்த நார்களும் போய்விடுகின்றன. பல்செட் ஈறின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறது. அதனால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லோடு ஒப்பிட்டால் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு.

மேல் செட் அண்ணம் முழுவதும் ஒட்டி நிற்பதால் எளிதில் கழலாது. கீழ் செட்டுக்கு அமர இடம் குறைவு. நாக்கும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆட்டம் பெரும்பாலும் கீழே இருப்பதற்குக் காரணம் இதுவே.

தாடை என்ன செய்கிறது?

பல்செட் போட்டவரின் தாடை குறைவாகத் திறக்கிறது, மெதுவாக அசைகிறது. ஒரு கவளத்தை அரைக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. கன்னமும் நாக்கும் உணவை அரைக்க உதவுவதோடு செட்டையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கம் வர 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம்.

தாடை ஓய்வாக இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். செட் உயரமாகிவிட்டால் பேசும்போது பற்கள் மோதிச் சத்தம் வரும், கன்னத் தசை வலிக்கும். பல வருடம் தேய்ந்து உயரம் குறைந்தால் முகம் சுருங்கி, முகவாய் முன்னே வந்து மூக்கை நெருங்கும்.

பேச்சும் சில நாட்கள் குழறும். குர்ஆன் ஓதும்போது 'ஃபா', 'தால்' போன்ற பல்லைத் தொட்டு வரும் எழுத்துகள் தடுமாறலாம். தினமும் சத்தமாக ஓதினால் நாவு பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

எப்படிச் சாப்பிடுவது?

* முதல் வாரம் இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, அவித்த முட்டை போன்ற மிருதுவான உணவு. பிறகு வெந்த காய்கறி, கைமா. சேலம் தட்டுவடையும் முறுக்கும் கடைசியில்தான்.
* முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சிறு துண்டுகளாக்கி, இருபக்கக் கடைவாயிலும் சமமாக மெல்ல வேண்டும்.
* பேரீச்சம்பழம் செட்டில் ஒட்டி இழுக்கும். நோன்பு திறக்கக் கொட்டை நீக்கி ஊறவைத்துக் கொடுங்கள்.
* அண்ணம் மூடியிருப்பதால் சூடும் எலும்புத் துண்டும் சரியாகத் தெரியாது. கஞ்சியை ஆற்றியும், மீனை முள் எடுத்தும் கொடுங்கள்.

இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கு ஓய்வு கிடைக்கும். வெந்நீரில் போட்டால் செட் வளைந்துவிடும்.

மருத்துவரிடம் எப்போது?

பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் கரைகிறது. 1972இல் ஆன்ட்யே டால்கிரென் வெளியிட்ட 25 ஆண்டு ஆய்வின்படி, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்த்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது. கட்டியபோது பொருந்திய செட் பிறகு ஆடுவது இதனால்தான். பல்செட்டின் உட்புறம் புதிதாகப் பூச்சு கொடுத்து இதைச் சரிசெய்யலாம். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் பொருத்தி அதன்மேல் செட்டை மாட்டும் முறையும் உண்டு.

ஈறு புண்ணானால் வீட்டிலேயே செட்டைச் சுரண்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அரியானூரில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியும், திருச்செங்கோடு பகுதியில் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. செட்டைச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை போக வேண்டிவரும், அது வழக்கம்தான்.

நம் அத்தாவும் நன்னியும் சாப்பிட்டு முடிக்கக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆகலாம். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.