நுளம்பை இனங்காணல்

நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியை றொனால்ட் றொஸ் சிக்கந்தராபாத்தில் கண்டது 1897ஆம் ஆண்டிலாகும். எனினும், எந்த நுளம்பு என்னும் வினா அன்றுடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு நாடும் அதற்குத் தனித்தனியே விடைகாண வேண்டியிருந்தது.

இலங்கையில் அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்பதே முதன்மைக் காவி எனக் காணப்பட்டது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்குமிடத்து அது பெருகும். 1934-35இல் வறட்சியைத் தொடர்ந்து மூண்ட கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டி.டி.டி. தெளிப்பினால் 1963இல் நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தபின், 1969இல் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இதனிடையே அறிவியலாளரை ஒரு புதிர் வருத்தியது. கியூலிசிபேசீஸ் என்பது ஓர் இனமன்று. தோற்றத்தால் பிரித்தறிய முடியாத உடன்பிறப்பினங்களின் தொகுதி. இலங்கையில் இருப்பது 'பி' இனம் மட்டுமே எனக் கருதப்பட்டது. இந்தியாவிலோ அவ்வினம் மலேரியாவைப் பரப்புவதில் வலுக்குன்றியது. வலுக்குன்றிய இனம் இங்கு மட்டும் இத்துணைப் பேரழிவை விளைத்தது எவ்வாறு?

பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியராகிய நோபிள் சுரேந்திரனும் இரஞ்சன் இராமசாமி முதலிய ஆய்வாளரும் 2000ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தனர். பிடிபட்ட பெண் நுளம்பை ஆய்வுகூடத்தில் முட்டையிடச் செய்து, பொரித்த ஆண் குடம்பிகளின் மூளைக்கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கி, 'வை' நிறமூர்த்தத்தின் வடிவத்தை ஆராய்தல் வேண்டும். தாயின் இனத்தை மகனைக் கொண்டே துணிய வேண்டியிருந்தது! இவ்வாறு நோக்கியபோது, முன்னர் இராமேசுவரத்தில் அறியப்பட்ட 'ஈ' இனம் இலங்கையிலும் வாழ்வது புலனாயிற்று. நோயைக் காவுவதில் வல்லது அதுவே என்பதும் தெளிவாயிற்று.

2012இன் பின் உள்நாட்டிற் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரிலும் அது காணப்பட்டது. சுரேந்திரன் குழுவினர் அதனை மரபணுச் சான்றுகொண்டு உறுதிசெய்தனர்.

இக்கண்டுபிடிப்பின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழைய காவி ஆற்றுக் குட்டையை நாடியது. ஆறில்லாக் குடாநாட்டிற் புதிய காவியோ கிணற்றையும் சீமெந்துத் தொட்டியையும் நாடுகின்றது. சுண்ணக்கற் பாறையிற் தோண்டிய கிணறுகளே நம் குடிநீருக்கும் தோட்டங்களுக்கும் ஆதாரம். அவற்றைத் தூர்த்துவிட முடியாது, காக்கத்தான் முடியும். கிருமியோ வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணியொருவரின் குருதியில் எந்நாளும் வந்து சேரலாம்.

ஆகவே, நோய் நீங்கியமை ஆய்வு முடிந்தமை ஆகாது. 1963இன் வெற்றி ஆறாண்டுகளிற் கரைந்தது கண்காணிப்புத் தளர்ந்ததனாலன்றோ? எவ்வினம் என அறிந்தாலன்றி எந்நீரைக் காப்பது என அறியோம். நோயாளர் இல்லாத காலத்திலும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து குடம்பிகளை இனங்காண்பவரின் பணியே நம் கிணறுகளுக்குக் காவலாகும்.