எல்லாத் துறைக்கும் வந்த தொழில் முனைவுக் கல்வி

சென்ற ஆண்டு இறுதியில் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார். எங்கள் தோட்டத்துச் செம்பனையில் குலை வெட்டியவரின் மகன். அரசுப் பல்கலைக் கழகம் ஒன்றில் வேதியியல் பயின்று பட்டம் பெற்று, அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பேச்சிடையே, "தொழில் முனைவு என்று ஒரு பாடம் எங்களுக்குக் கட்டாயம், சார். எந்தத் துறையில் படித்தாலும் அதே பாடம், அதே புத்தகம். பர்கர் வண்டி வைப்பதாகத் திட்டம் எழுதிக் கொடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினேன்" என்று சிரித்தார். இத்தனை ஆண்டு வேதியியல் படித்தவர் அதை ஒட்டி ஒன்று எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். "அந்த விரிவுரையாளருக்கு வேதியியல் தெரியாது. எங்கள் துறையில் உள்ளவர்களுக்கு வியாபாரம் தெரியாது. யாரிடம் காட்டுவது?" என்றார்.

அவருடைய கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. பல்கலைக் கழகத்தில் தொழில் முனைவு எனும் கல்வி எங்ஙனம் புகுந்தது, எப்படித் துறை துறையாகப் பரவியது என்பதைத் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் ஆசிரியப் பெருமக்களுக்குப் பயன்படுவன எனத் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

தொழில் முனைவோரைப் பொருளியல் நூலுக்குள் முதன்முதல் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் காண்டிலான் என்பர். அயர்லாந்தில் பிறந்து பாரிசில் வாணிகம் செய்தவர் இவர். இவர் நூல், இவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1755இல் அச்சேறியது. தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்க முன்வருபவனே முனைவோன் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் வந்த ழான் பாப்டிஸ்ட் சே என்பாரின் கதை இன்னும் சுவையானது. 1803இல் அவர் வெளியிட்ட பொருளியல் நூலைத் தன் கொள்கைக்கேற்பத் திருத்துமாறு நெப்போலியன் வற்புறுத்தினார். சே மறுத்தார்; பதவியை இழந்தார். அதன்பின் அவர் வாளாவிருக்கவில்லை. வடக்குப் பிரான்சில் பருத்தி நூற்பாலை ஒன்றை அமைத்துத் தாமே நடத்தினார். பேரரசு வீழ்ந்தபின், 1819இல், பாரிசில் கலைத்தொழில் காட்சிக் கூடத்தில் தொழிற் பொருளியல் ஆசிரியராக அமர்ந்தார். இயந்திரங்களும் கருவிகளும் வைத்துத் தொழில் நுணுக்கம் கற்பித்த இடம் அது. ஆலை நடத்திய கை, கருவி செய்வோர் நடுவில் நின்று பாடம் சொன்னது. என் மாணவருக்குக் கிடைக்காத ஆசிரியர் இத்தகையவரே.

பின்னாளில் இந்தத் தொடர்பு அறுந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி 1881இலும், ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இலும் தோன்றின. இரும்புச் சாலைகளும் பெருங்குழுமங்களும் பெருகிய காலம் அது. முன்னரே எழுந்து நிற்கும் நிறுவனத்தை மேற்பார்க்க ஆள் வேண்டியிருந்ததால், வணிகப் பள்ளிகள் மேலாளரைப் பயிற்றின. புதிதாக ஒன்றைத் தொடங்குவது எப்படி என்பதற்கு அங்கே தனிப் பாடம் இல்லை.

அக்காலத்தில் தொடங்கும் கலையை எவர் கற்பித்தனர் என்று கேட்டால், குடும்பமும் குலமுமே என்பது விடை. நம் கண்முன் இருந்த சான்று நகரத்தார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளிலும் மலாயா நகரங்களிலும் அவர்கள் பிள்ளைகள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கெழுதி, அடுத்தாளாக உயர்ந்து, பின் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றனர். வட்டிக் கணக்கையும் பின்ன வாய்ப்பாட்டையும் மனத்திலேயே போட்டனர். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கூடாது என்பதைப் பெரியவர் பக்கத்தில் அமர்ந்தே கற்றனர். எந்தப் பல்கலைக் கழகமும் இதைவிடச் செம்மையாகக் கற்பித்துவிட முடியாது. ஆனால் அந்தப் பெட்டியடிக்குள் நுழைய அந்தக் குலத்தில் பிறந்திருக்க வேண்டும். அதே காலத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை அறிந்த வாணிகம் ஒன்றே: மளிகைக் கடைப் புத்தகத்தில் தன் தகப்பன் பெயருக்கு நேரே ஏறும் கடன். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் வரலாறு நமக்குப் பொருள்படும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய போர்வீரர்கள் அமெரிக்கக் கல்லூரிகளை நிரப்பினர். பிறரிடம் கட்டளை கேட்டு அலுத்தவர் பலர். சொந்தமாக ஏதேனும் தொடங்க விரும்பினர். 1947ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்னும் பேராசிரியர் புதிய நிறுவனங்களை நடத்துதல் பற்றிய பாடமொன்றைத் தொடங்கினார். 188 மாணவர் சேர்ந்தனர். பல்கலைக் கழகத் தொழில் முனைவுக் கல்வியின் பிறந்தநாளாக இதையே அமெரிக்க ஆசிரியர்கள் குறிப்பிடுவர்.

அதே பள்ளியில் ஜார்ஜ் டோரியோ என்றொரு பேராசிரியர் இருந்தார். பிரான்சில் பிறந்தவர், போரில் அமெரிக்கப் படைத் தளபதியாகப் பணியாற்றியவர். 1946இல் புதுத் தொழில்களுக்கு முதல் தரும் நிறுவனம் ஒன்றை அவர் தலைமையேற்று நடத்தினார். 1957இல் பாஸ்டன் அருகே இருந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்திலிருந்து இரு பொறியாளர்கள் அவர் நிறுவனத்தை நாடி வந்தனர். எழுபதாயிரம் டாலர் கிடைத்தது. அவர்கள் அமைத்த 'டிஜிட்டல்' நிறுவனம் பின்னர் உலகின் பெரிய கணிப்பொறி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. வணிகப் பள்ளி ஓரிடத்தில், கண்டுபிடிப்பவன் வேறோரிடத்தில் என்னும் நிலை அப்போதே வெளிப்பட்டுவிட்டது. எனினும் பல்கலைக் கழகங்கள் அதை உணர நெடுநாள் ஆயிற்று.

இடையே நம்மவர் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹார்வர்டின் உளவியற் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்டு, சாதனை வேட்கை என்பது பிறவிக் குணமன்று, வளர்க்கக் கூடியது என்று கருதினார். 1964இல் ஆந்திரத்துக் காக்கிநாடாவிலிருந்து வணிகர்களும் தொழில் செய்வோருமாக ஐம்பதுக்கு மேற்பட்டோரைத் தொகுதி தொகுதியாக ஐதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிலையத்திற்கு அழைத்துப் பயிற்றினர். நம் தமிழகத்து வேலூரிலிருந்தும் வணிகர் பயிற்சி பெற்றனர். ராஜமுந்திரியை ஒப்புநோக்கற்கென வைத்துக்கொண்டனர். படத்தைப் பார்த்துக் கதை எழுதச் செய்தனர். கோலில் வளையம் எறியச் செய்தனர். மிக அருகில் நின்று எறிந்தால் சிறப்பில்லை, மிகத் தொலைவில் நின்றால் அது குருட்டு வாய்ப்பு. இயலும் ஆனால் எளிதன்று என்னும் தொலைவைத் தானே தேர்ந்து நிற்பவனே முனைவோன் என்று காட்டினர். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் பார்த்தபோது, பயிற்சி பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தொழிலில் புது முயற்சி மேற்கொண்டிருந்தனர், பெறாதோருள் காற்பகுதியினரே. நெற்றியில் நீறிடுவதோ, சாதி வழக்கமோ, கூட்டுக் குடும்பமோ இதற்குத் தடையாகவில்லை என்பதையும் ஆய்வாளர் கண்டனர். மேலைநாட்டு அறிஞர் சிலர் அதுவரை கூறிவந்ததற்கு இது நேர்மாறு.

ஊக்கமுடைமை என்றும் ஆள்வினையுடைமை என்றும் தனித்தனி அதிகாரம் வைத்த வள்ளுவரைப் படிப்பிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. நாம் அவ்வதிகாரங்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் வருத்தம். மற்றொன்றும் சொல்ல வேண்டும். காக்கிநாடாவில் பயின்றோர் முன்னரே கடையும் தொழிலும் உடையவர்கள். வேட்கையை மட்டும் ஏற்றினால், வேட்கை தவிர வேறொன்றும் இல்லாதவனுக்கு என்ன பயன் என்னும் வினா அங்கே எழவே இல்லை. தோட்டத்துப் பள்ளியில் அது முதல் வினா.

பொறியியலும் வணிகமும் மெய்யாகவே ஒன்றுகூடியது 1980க்குப் பின்னரே. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக் கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என அமெரிக்கா அவ்வாண்டு ஒரு சட்டம் இயற்றியது. பத்தாண்டு கழித்து மாசச்சூசெட்ஸ் கழகத்தில் பொறியியல் மாணவரும் வணிக மாணவரும் சேர்ந்து பத்தாயிரம் டாலர் பரிசுப் போட்டி ஒன்றைத் தொடங்கினர். 1992இல் கார்னெல் பல்கலைக் கழகம் வேளாண்மை, சட்டம், பொறியியல் முதலிய பல கல்லூரிகளையும் ஒரே முனைவுக் கல்வித் திட்டத்தில் இணைத்தது. 2003இல் காஃப்மன் அறநிலையம் எட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு இரண்டரைக் கோடி டாலர் வழங்கி, எத்துறை மாணவருக்கும் இக்கல்வி எட்டவேண்டும் என்றது. அறநிலையத்தை நிறுவிய யூயிங் காஃப்மன் வீட்டு நிலவறையில் மருந்துத் தொழில் தொடங்கியவர். அந்த எட்டனுள் ராச்செஸ்டரும் ஒன்று. கோடாக் புகைப்படக் கருவி கண்ட ஜார்ஜ் ஈஸ்ட்மன் பொருளுதவியால் எழுந்த இசைப்பள்ளி அங்கே உண்டு. பிடில் வாசிப்போர்க்கும் தம் கலையை வைத்துப் பிழைக்கும் வழி கற்பிக்க வேண்டும் என்று அப்பள்ளி முன்பே முயன்று வந்தது. முத்தமிழில் ஒன்றைக் கற்று வேலைக்கு அலையும் நம் பட்டதாரிகளை எண்ணிப் பார்த்தேன்.

கார்னெல் ஆய்வாளர்கள் 2002இல் பல பல்கலைக் கழகங்களை ஒப்பிட்டு இரு முறைகளை எடுத்துக் காட்டினர். முதலாவது காந்த முறை: பாடம் வணிகத் துறையிலேயே இருக்கும், பிற துறை மாணவர் அங்கே ஈர்க்கப்படுவர். இரண்டாவது கதிர் முறை: ஒவ்வொரு துறையும் தன் ஆசிரியரைக் கொண்டு, தன் மாணவர்க்கு ஏற்ற வகையில் தானே கற்பிக்கும். காந்த முறை தொடங்குவதற்கு எளிது; செலவும் குறைவு. ஆனால் நாளடைவில், எம் மாணவருக்கு எம் துறைக்கு ஏற்றதைச் சொல்லித்தரவில்லை என்னும் பிணக்கு எழும். கதிர் முறையில் துறையாசிரியர்களை முதலில் பயிற்ற வேண்டும், அது கடினம். ஆனால் மாணவர் உள்ளத்தில் தைப்பது அதுவே. தேநீர் கலக்கத் தெரிந்தவனைச் சமையல் கற்பிக்க அனுப்புவது போலத்தான் முதல் முறை பல இடங்களில் நடக்கிறது என்பது என் எண்ணம். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இதை ஒப்புவர்: கணக்குப் பாடத்தின் முறையை வைத்து இலக்கணம் நடத்த முடியாது.

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகம் 2001இல் வேறொரு வழியைக் கண்டது. மாணவர்களைக் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கிற்கு அனுப்பி, பகலில் புது நிறுவனங்களில் வேலை செய்யவும், ஓய்வில் அங்குள்ள பல்கலைக் கழகத்தில் பாடம் படிக்கவும் ஏற்பாடு செய்தது. பொறியியலார், அறிவியலார், வணிகர் என வேறுபாடில்லை. 'கேரோசெல்' என்னும் விற்பனைச் செயலியை 2012இல் தொடங்கிய மூவரும் இவ்வழி வந்தோரே. நகரத்தார் கிட்டங்கியின் பெட்டியடி முறையைத்தான் இது நினைவூட்டுகிறது. குலத்தைக் கேட்காத பெட்டியடி என்பதே வேறுபாடு.

மலேசியாவில் 1950இல் ரீடாவும் 1966இல் மாராவும் நாட்டுப்புற மலாய் மக்களைத் தொழிலில் ஏற்றவென எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டியோர் சேமித்த வெள்ளியைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அது முனைவுதான், ஆனால் அதைப் பாடமாக வைத்தாரில்லை. 2010இல் உயர்கல்வி அமைச்சு உயர்கல்விக் கூடங்களுக்கெனத் தொழில் முனைவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பாடம் பலவிடங்களில் கட்டாயமாயிற்று. என் மாணவர் படித்தது அதன் பயனே. வாணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாடம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. குலை வெட்டியவர் மகனுக்கு அது தவிர வேறு வாயில் இல்லை. ஆகையால் அப்பாடம் சடங்காக நடந்தால் இழப்பு அவனுக்கே.

சென்ற மாதம் அம்மாணவர் மறுபடி வந்தார். செம்பனை எண்ணெயில் சோப்புக் காய்ச்சிப் பார்த்திருக்கிறார். காரம் மிகாமல் எடைபோட்டுச் செய்திருப்பதை ஒரு கட்டியைக் கையில் கொடுத்து விளக்கினார். "விலை எப்படிப் போடுவது, சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கீழே மளிகைக் கடைக்காரரிடம் அழைத்துப் போனேன். முப்பதாண்டாய்க் கடை நடத்துபவர். சோப்பை முகர்ந்தார், உறையைக் கேட்டார், எத்தனை நாள் கரையாமல் நிற்கும் என்றார். மாணவர் வேதியியல் சொன்னார். அவர் கணக்குச் சொன்னார். நான் பள்ளி மணி அடிக்கும் நேரமாயிற்று என்று எழுந்து வந்தேன். அவர்கள் இருவரும் எழவில்லை.