கொச்சிப் படகும் நம்ம தீர்மானப் புத்தகமும்

நம் கூட்டமைப்பிலிருந்து இருபத்தெட்டுப் பேர் ஒருநாள் பயணமாகக் கொச்சி போய் வந்தோம். கோயம்புத்தூரில் விடியக்காலை ரயில் ஏறி, எர்ணாகுளம் படகுத்துறைக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. எங்களில் பாதிப் பேருக்குப் படகு அதுதான் முதல் தடவை. “ஏனுங்க்கா, கவுந்துராதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஏறியவர், கொஞ்ச நேரத்தில் ஜன்னலோர இடத்தை யாருக்கும் விடவில்லை!

ஃபோர்ட் கொச்சி போகும் வழியில் வில்லிங்டன் தீவு தெரிந்தது. அதில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்காக ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் அந்தத் தீவு வளர்ந்தது.

கொச்சித் துறைமுகம் எப்படி வந்தது என்பதும் சுவையான கதை. சங்கப் பாட்டில் வருகிற முசிறிதான் அந்தக் காலத்து மிளகுத் துறைமுகம். 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறிப் பக்கம் மண் மூடியது, கொச்சியில் வாய் திறந்தது என்று சொல்கிறார்கள். பிறகு மிளகுக்காகவே போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

படகை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். 1555 வாக்கில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663இல் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நின்றுவிட்டது. நடுமுற்றத்தில் பகவதி கோயில். பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயண ஓவியம். பல்லக்கு, வாள், பழைய வரைபடம் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

பெரிய கூடத்தில் 1864 முதல் ஆண்ட ராஜாக்களின் படங்கள் வரிசையாக இருந்தன. கொச்சியில் பட்டம் மகனுக்குப் போகாது, ராஜாவின் அக்கா தங்கை பெற்ற பிள்ளைக்குத்தான் போகும். அதைக் கேட்டதும் எங்கள் குழு ஊக்குநர் சொன்னார்: “வம்சமே பொம்பளைங்க வழியா வந்திருக்குது. படத்துல ஒருத்தியக் காணமே!”

மிளகு பறித்தவர், காயவைத்தவர், மூட்டை சுமந்தவர் படமும் அங்கே இல்லை. ஆனால் வெளியே அப்படிப்பட்டவர்களைப் பார்த்தோம். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் சலவைத் துறை இருக்கிறது. டச்சுக்காரர் தங்கள் படையாட்களின் துணியை வெளுக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்தார்களாம். அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே கல்லில் துவைத்துக் கயிற்றில் காயப்போடுகிறார்கள். நாங்கள் தமிழில் பேசினோம், தமிழிலேயே பதில் வந்தது. இத்தனை தலைமுறை உழைப்புக்கு அந்தக் கல்லும் கயிறும்தான் சாட்சி.

திரும்பும் படகில் பேச்செல்லாம் நம்மைப் பற்றியே ஓடியது. 1989இல் தருமபுரியில் அரசு உதவியோடு தொடங்கிய குழுக்கள், 1997க்குப் பிறகு மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவின. அதுவும் சரித்திரம்தானே? “நம்ம முதல் தீர்மானப் புத்தகம் எங்கக்கா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு மாறும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவளே நான்தான். முதல் கடன் ஐந்நூறு ரூபாய் யார் வாங்கினார், எதற்கு வாங்கினார், கைநாட்டு வைத்தவர் முதல்முதலாகக் கையெழுத்துப் போட்டது எந்த மாதம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. இனி அதை எங்கே போய்த் தேடுவது?

சகோதரிகளே, உங்கள் குழுவின் பழைய தீர்மானப் புத்தகம், சேமிப்பு அட்டை, பரணில் கிடக்கும் போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். கூட்டமைப்பு அலுவலக பீரோவில் ஒரு தட்டை இதற்கென்றே காலி செய்து வைத்திருக்கிறோம். ராஜாக்களுக்கு அரண்மனை கிடைத்தது. நமக்கு இப்போதைக்கு ஒரு தட்டு போதும்.