ஓர் எதிர்மறை ஏவலின் வரலாறு

பிரெஞ்சுக் காதல் பாடல்களைப் பட்டியலிடுவோர் தவறாமல் குறிப்பிடும் பாடல் 'நெ மெ கித் பா'. 'என்னை விட்டுப் போகாதே' என்பது அதன் பொருள். ஆனால் அதை எழுதிப் பாடிய ழாக் பிரெல், அது காதல் பாடலே அன்று என்றார். ஆண்களின் கோழைத்தனத்தையும், ஓர் ஆண் எந்த அளவுக்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளக்கூடும் என்பதையுமே அது பாடுவதாக நேர்காணலில் விளக்கினார். அவ்வாறிருக்க, உலகம் அதைக் காதல் பாடலாகவே கேட்டு வருவது ஏன்? விடையின் ஒரு பகுதி இலக்கணத்தில் இருக்கிறது.

பிரெல் 1929இல் பிரஸ்ஸல்ஸ் நகரையொட்டிய ஸ்கார்பேக்கில் பிறந்தவர்; 1953இல் பாரிஸுக்கு வந்தவர். மனைவியும் மகள்களும் இருந்த அவருக்குப் பாடகியும் மேடைக் கலைஞருமான சுசான் கப்ரியெல்லோவுடன் உறவு ஏற்பட்டது. அந்த உறவின் முறிவே பாடலின் பின்னணி என்று வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 1959 செப்டம்பரில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பாடல் பதிவானது.

தலைப்பில் இருப்பது ஒருமையில் அமைந்த எதிர்மறை ஏவல். அதுவே பல்லவிபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஏவலுக்கு முன்னிலை ஒருவர் தேவை. ஆனால் இங்கே அந்த முன்னிலைப் பெண் ஒரு சொல்லும் மறுமொழி கூறுவதில்லை. கெஞ்சல் பிறகு எதிர்கால வினைகளுக்குத் தாவி, நிறைவேற்றவே இயலாத வாக்குறுதிகளை அடுக்குகிறது. அவ்விடத்தில் வரும் மெட்டு, லிஸ்ட்டின் ஆறாம் ஹங்கேரிய ராப்சடியிலிருந்து எடுக்கப்பட்டது. இறுதியில் அந்த ஆண் அவளுடைய நிழலுக்கும், அவளுடைய நாய்க்கும் கீழான இடத்தைக் கேட்டு இறங்குகிறான்.

1961இல் பிரெல் இதை டச்சு மொழியிலும் பாடினார். எர்ன்ஸ்ட் ஃபான் ஆல்டெனாவின் அம்மொழிபெயர்ப்பு, 'என்னைத் தனியே விடாதே' என எதிர்மறை ஏவலைக் காத்தது. 1965இல் நீனா சிமோன் பிரெஞ்சிலேயே பாடினார். ஏவல் வினையில் பால் காட்டும் விகுதி இல்லை. ஆகவே சொல் மாறாமலே கெஞ்சுபவர் பெண்ணானார்.

பெரும் மாற்றம் ஆங்கிலத்தில்தான் நிகழ்ந்தது. அமெரிக்கக் கவிஞர் ராட் மக்யூன் தலைப்பையே 'நீ போய்விட்டால்' என்று நிபந்தனை வினையாக்கினார். போகாதே என்பவன் எதிரில் நிற்பவளைத் தடுக்கிறான். போய்விட்டால் என்பவன் தன் துயரத்தைக் கற்பனை செய்கிறான். இறுதித் தாழ்மையும் அங்கே, நிகழாமற்போன ஒன்றைச் சுட்டும் 'இருந்திருப்பேன்' என்ற வடிவைப் பெறுகிறது. அவமானம் இனிய சோகமாகிவிடுகிறது. ஆங்கிலம் வழியாகப் பாடலை அறிந்தவர்களுக்குப் பிரெலின் மறுப்பு புதிராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் சொற்களையும் உவமைகளையும் ஒப்பிடுகிறோம். இங்கே மாறியது வினையின் நோக்கு. அத்துடன், மறுமொழி சொல்லாமல் எதிரில் நின்ற பெண்ணும் பாடலிலிருந்து விலகிப்போனாள். மொழியியல் மாணவர்கள் இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டு, வினைமுற்றுகளை மட்டும் குறித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.